இறங்காத எழுபது கிலோ

எடை மேடை ரிப்பேருக்குப் போகிற இடத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. இயந்திரத்தைப் பற்றிக் கேட்டால் குடும்பத்தைப் பற்றிச் சொல்வார்கள். "எப்போதிலிருந்து தப்பாகக் காட்டுகிறது?" என்று கேட்டால், "என் மச்சான் சண்டை போட்டுக்கொண்டு போன வாரத்திலிருந்து" என்பார்கள். அப்புறம் மச்சானின் கதை முழுவதையும் கேட்டு முடித்துத்தான் ஸ்பானரைத் தொட முடியும். இருபத்தெட்டு வருஷமாக எனக்கு இந்த ஒரே தொழில். லாரிகள் ஏறி நின்று எடை பார்க்கிற இரும்பு மேடைகளைச் சரி செய்கிறேன். நான் சரி என்று எழுதிக் கொடுத்தால் சரி, தப்பு என்றால் தப்பு. அதற்கு மேல் எனக்குப் பேச்சில்லை. அப்படிப்பட்டவனைத்தான் அந்தப் பெண் போனில் பிடித்தாள்.

"அண்ணே, ஆத்துக்குப் போற ரோட்டுல, வளைவுல இருக்கற எடை மேடைலேர்ந்து பேசறேன். மேடைல யாருமே இல்லாதப்ப எழுபது கிலோ காட்டுது."

"தினமுமா?"

"வெயில் அடிக்கிற நாள் எல்லாம். சாயந்திரம் அஞ்சே முக்காலுக்கு. பத்து நிமிஷம் நிக்கும், அப்புறம் போயிடும்."

"இது ஒரு பெரிய விஷயமா? வந்து சரி பண்ணிடறேன்."

"சரி பண்றது அப்புறம் அண்ணே. அது ரிப்பேர்தான்னு நீங்க பேப்பர்ல எழுதித் தரணும். அதை என் மாமனார் படிக்கணும். திங்கக்கிழமைக்குள்ள."

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

அவள் புருஷன் லாரி ஓட்டினவன். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலச் சாயங்காலம், அதே மேடையில் எடை போட்டுக்கொண்டு கிளம்பினான். ஒரு மணி நேரத்தில், தரைப்பாலத்தைத் தாண்டும்போது வெள்ளம் லாரியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் நாள் லாரி கிடைத்தது. கதவு திறந்திருந்தது. அவன் கிடைக்கவில்லை. இப்போது அவனை இறந்தவனாகப் பதிவு செய்யலாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். கடைசியாகப் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியாகப் பார்த்தவர் அவனுடைய அப்பா. அவர் போட மாட்டேன் என்கிறார்.

"ஏன்மா?"

"பையன் சாகலையாம். தினமும் அஞ்சே முக்காலுக்கு மேடைல வந்து நிக்கிறானாம். என் வீட்டுக்காரர் எழுபது கிலோதான் அண்ணே இருந்தார்."

அவளே தொடர்ந்தாள்.

"எனக்கு முப்பத்திரண்டு வயசு ஆகுது. பேக்கரி வச்சிருக்கறவர் ஒருத்தர் கேட்டிருக்கார். எனக்கும் சம்மதம். அத்தைக்கும் சம்மதம். இந்தக் கையெழுத்து இல்லாம நான் எங்கயும் போக முடியாது. திங்கக்கிழமை விட்டா அடுத்த தேதி எப்பன்னே தெரியாது. வர்றீங்களா?"

வெள்ளிக்கிழமை காலையில் என் வேனில் இருபது கிலோ இரும்புக் கற்களை அடுக்கிக்கொண்டு போனேன்.

போன வாரம் பெய்த மழையில் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. வளைவில் மேடை, நீளமாக, கிழக்கு மேற்காகக் கிடந்தது. அதை ஒட்டி ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்த அறை. ஜன்னலுக்குள் டிஸ்ப்ளேயும் எடைச் சீட்டு அடிக்கிற மெஷினும். அந்த அறைக்குப் பின்னாலேயே இரண்டு அறைகள், ஒரு சமையலறை. அதுதான் வீடு. லாரி ஏறினால் சமையலறையில் பாத்திரம் எல்லாம் கலகலவென்று ஆடும். அந்த வீட்டுக்காரர்களுக்கு அது காதிலேயே விழவில்லை. எனக்கு முதல் இரண்டு லாரிக்கும் டீ கொட்டிவிட்டது.

ஜன்னலுக்குள் மருமகள் உட்கார்ந்து சீட்டு அடித்துக்கொண்டிருந்தாள். மாமனார் வெளியே நின்றார். ஒல்லி உடம்பு. மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருந்தது. வண்டி ஏறினதும், "முன்னாடி... இன்னும் முன்னாடி... போதும், இறங்கு" என்பார். ஓட்டுகிறவன் இறங்கி ஓரமாகப் போய் நிற்பான். ஆள் எடை சரக்கு எடையில் சேரக் கூடாது என்பதற்காக எல்லா மேடையிலும் இதுதான் முறை. இறங்கின டிரைவர்கள் எல்லாம் அவரை "விஞ்ஞானி" என்றுதான் கூப்பிட்டார்கள். "என்ன விஞ்ஞானி, இன்னிக்கு பூமி ஒழுங்கா இழுக்குதா?" என்றான் ஒருவன். "உன்னை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா இழுக்குது, வயித்தைக் குறை" என்றார் அவர். ஆள் வறட்டுத்தனமில்லாதவர் என்று எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. அதுவே ஒரு தொல்லை. பிடித்தவர்களிடம் உங்கள் மெஷின் தப்பு என்று சொல்வது கஷ்டம்.

மத்தியானம் சோறும் மீனும் போட்டார் அவருடைய மனைவி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அக்கா என்று கூப்பிட்டேன். நான் முதல் வாய் வைக்கும்போதே விஞ்ஞானி ஆரம்பித்துவிட்டார்.

"தராசுக்காரரே, ஒண்ணு கேக்கறேன். கல்லு ஏன் கீழ விழுது?"

"பூமி இழுக்குது."

"கயிறு போட்டா?"

"ஆரம்பிச்சாச்சு" என்றார் அக்கா. "சாப்பிடற மனுஷனை விடுங்க. முள்ளு மாட்டிக்கப் போகுது."

"முள்ளு மாட்டினா அதுவும் கீழதான் போகும். கேளுங்க. பூமி எதையும் இழுக்கலை. கனம் ஜாஸ்தியா இருக்கற இடத்துல நேரம் மெதுவா ஓடுது. மேல போகப் போக வேகமா ஓடுது. எல்லாப் பொருளும் நேரம் மெதுவா ஓடற பக்கமாத்தான் சாயும். மனுஷன் எங்க போய் உட்கார்றான்? அவசரம் இல்லாத இடத்துல. கல்லும் அப்படித்தான்."

"இதை யாரு சொன்னா?"

"பாதி பேப்பர்ல வந்தது. மீதி நான்."

பேப்பரில் வந்தது எது, அவர் சொன்னது எது என்று பிரித்துப் பார்க்க எனக்குப் படிப்பு போதாது. எனக்குத் தெரிந்த வழியில் கேட்டேன்.

"நேரத்தை அளந்து பார்த்தீங்களா?"

"பார்க்காம? ஒரே கடையில ஒரே மாதிரி ரெண்டு வாட்ச் வாங்கினேன். ஒண்ணு மேடைக்குக் கீழ குழியில. இன்னொண்ணு மொட்டை மாடித் தண்ணித் தொட்டி மேல. ஒரு மாசத்துல குழி வாட்ச் நாலு நிமிஷம் பின்னாடி."

"குழியில ஈரம் பெரியவரே. உங்க வாட்ச்சுக்கு ஜலதோஷம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜன்னல் பக்கமிருந்து மருமகளும் சிரிக்கிற சத்தம் வந்தது. விஞ்ஞானிக்குக் கோபமே வரவில்லை.

"ஈரமும் கனம்தானே?" என்றார்.

இப்படி ஒரு ஆளை என்ன செய்வது? நாம் எதைச் சொன்னாலும் அதைத் தூக்கித் தன் பையில் போட்டுக்கொள்கிறார்.

கை கழுவிவிட்டு வந்ததும் நோட்டுகளைக் காட்டினார். பழைய எடைச் சீட்டுகளின் பின்பக்கங்களைச் சேர்த்துத் தைத்த பதினோரு நோட்டுகள். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"எழுத்து என்னுது இல்லை, மருமகளுது. நான் கிறுக்குவேன், அவ திருத்தி எழுதுவா. என்னைவிட அவளுக்கு நல்லாத் தெரியும். ஏம்மா, வெளிச்சத்தைப் பத்திச் சொல்லு."

அவள் சீட்டு அடிப்பதை நிறுத்தாமலேயே சொன்னாள். "வெளிச்சத்துக்குக் கனம் இல்லை. கனம் இல்லாததுக்கு நேரமும் இல்லை. அது புறப்பட்ட நிமிஷத்துலயே நிக்குது. நமக்குத்தான் அது வந்து சேர நேரம் ஆகுது."

"அவ்வளவுதான்" என்றார் விஞ்ஞானி. குரல் இறங்கிவிட்டது. "அன்னிக்குச் சாயந்திரம் மழை விட்டு வெயில் வந்துச்சு. அஞ்சே முக்கால். அந்த வெயில்லதான் அவன் போனான். அந்த வெளிச்சம் இன்னும் பழசாகலை. அதே சாய்வுல வெயில் விழறப்ப அது அவனைக் கொண்டாந்து காட்டுது. மேகம் போட்ட நாள்ல ஒண்ணும் வராது, இவங்களைக் கேளுங்க. ஆத்துல அவ்வளவு தண்ணி, அதுக்கு மேல பதினாலு டன் லாரி. அத்தனை கனமும் ஒரே இடத்துல சேர்ந்தா நேரம் என்ன ஆகும்? கெட்டியாயிடும். உள்ள இருக்கறவனுக்கு ஒரு மணி நேரம்தான் ஆயிருக்கும். நமக்குத்தான் ஏழு வருஷம்."

ஒரு லாரி வந்து ஏறிற்று. பாத்திரங்கள் ஆடின. அவர் எழுந்து "முன்னாடி, இன்னும் முன்னாடி" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

அக்கா தட்டுகளை எடுத்தபடி மெதுவாகச் சொன்னார். "நானும் நம்பினேன் தம்பி. சாயந்திரம் மேடைல டொக்குன்னு ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டதும் அடுப்புல டீ வைப்பேன். ஒரு வருஷம் வச்சேன். ஒருநாள் அதை நானே எடுத்துக் குடிச்சேன். அன்னிக்குத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு."

"இந்தப் பொண்ணை நீங்க அனுப்பிடுவீங்களா அக்கா?"

"என் பிள்ளை இல்லாம இருக்கப் பழகிட்டேன். அவ இல்லாமலும் பழகிப்பேன். அவ இங்கயே கெழவி ஆகறதைப் பார்க்க என்னால ஆகாது."

குழிக்குள் இறங்கினேன். மேடைக்குக் கீழே குனிந்துதான் போக முடியும். கணுக்கால் அளவு சேறு. எடையைத் தாங்குகிற ஆறு தூண்களையும் துடைத்து, ஒயர்களைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றிலும் ஈரம் இறங்கவில்லை. மேலே வந்து என் இரும்புக் கற்களை மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தேன். ஒரு கல்லுக்கு இருபது, ஐந்து கல்லுக்கு நூறு. பிசகே இல்லை. இந்த வயதான மேடை, புதிதாகப் போட்ட மேடைகளைவிட நேர்மையாக இருந்தது. தப்பே இல்லை என்றால் நான் எதை எழுதிக் கொடுப்பது?

காலையிலிருந்து அடித்த வெயில் ஐந்தரைக்கும் பளிச்சென்று இருந்தது. லாரிகள் இல்லை. விஞ்ஞானி நாற்காலியை ஜன்னலுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டார். மருமகள் எழுந்து சுவரோரம் நின்றாள். அக்கா சமையலறையை விட்டு வரவில்லை.

டிஸ்ப்ளேயில் பூஜ்யம். ரோட்டில் ஒரு சைக்கிள் போயிற்று. பிறகு மேடையில் 'டொக்' என்று ஒரு சத்தம். பூஜ்யம் போய் இருபது வந்தது, நாற்பது வந்தது, எழுபதில் நின்றது.

மேடையைப் பார்த்தேன். இரும்பின் மேல் வெயில் தவிர ஒன்றும் இல்லை. இந்தத் தொழிலில் நான் பார்க்காத கோளாறு கிடையாது. எலி கடித்த ஒயர் முப்பது டன் காட்டியதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் கை மயிர் எல்லாம் நட்டுக்கொண்டது. பயந்தேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. விஞ்ஞானி டிஸ்ப்ளேயைப் பார்த்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் பார்க்க விடுகிற நேரத்துக்கு வந்த மனிதரைப் போல இருந்தார். பத்து நிமிஷம் அவர் கண் கொட்டவில்லை. மறுபடி ஒரு 'டொக்'. பூஜ்யம்.

"போயிட்டான்" என்றார். நாற்காலியை மடித்து உள்ளே வைத்தார்.

அந்தச் சத்தம்தான் எனக்கு வழி காட்டிற்று. மேடை அசைந்து ஓடாமல் இருக்க இரண்டு கோடியிலும் தடுப்பு போல்ட் இருக்கும். போல்ட்டுக்கும் மேடைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். சனிக்கிழமை காலையில் மேற்குக் கோடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு சீட்டுக்கூட நுழைய இடமில்லை. வெள்ளத்துக்கு அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் அதை முடுக்கு முடுக்கென்று முடுக்கியிருக்கிறான். நாள் பூராக் காய்கிற இரும்பு நீளும். சாய்ந்த வெயில் நேராக மேற்குக் கோடியில் விழும்போது இன்னும் கொஞ்சம் நீண்டு போல்ட்டில் முட்டும். அந்த அழுத்தம் எடையாகத் தெரியும். வெயில் தணிந்ததும் சுருங்கி விட்டுவிடும். மேகம் போட்டால் முட்டாது. அவ்வளவுதான் விஷயம்.

விஞ்ஞானியைக் கூப்பிட்டு, முட்டி போட வைத்து, தேய்ந்து பளபளவென்று இருந்த போல்ட் முனையைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அப்ப வெயில் விழுது. வெயில் எடையா மாறுது."

"வெயில் சூடாக்குது. சூட்டுல இரும்பு நீளுது."

"வெளிச்சம் கனமா மாறுதுன்னு நான் ஏழு வருஷமா சொல்றேன். நீங்க போல்ட்டோட வந்து நிரூபிச்சிருக்கீங்க. ரொம்ப நன்றி."

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மருமகள் ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்தாள். பேப்பரால் ஒன்றும் ஆகப் போவதில்லை என்று அவளுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருந்தது. ஆனாலும் என்னால் ஆனதைச் செய்தேன். இரண்டு கோடியிலும் போல்ட்டைத் தளர்த்தி, துருவைச் சுரண்டி, இடைவெளி விட்டு, மறு நட்டைப் போட்டு இறுக்கினேன். பேப்பரும் எழுதினேன். ஒன்றை மட்டும் அதில் எழுதவில்லை. போல்ட் முட்டினால் ஒருநாள் நாற்பது காட்டும், வெயில் ஏறின நாளில் நூற்றுப்பத்து காட்டும். தினமும் எழுபதிலேயே ஏன் வந்து நின்றது என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

அன்று சாயங்காலமும் நல்ல வெயில். அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இந்த முறை அக்காவும் வந்து நின்றார். ஐந்தே முக்கால் ஆயிற்று. பூஜ்யம். ஐந்து ஐம்பது ஆயிற்று. பூஜ்யம். ஆறு மணிக்கு வெயில் மேடையை விட்டு இறங்கி ரோட்டுக்குப் போய்விட்டது.

அவர் எழுந்தார். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அவ்வளவு ஒல்லி உடம்பில் அந்தப் பிடி எங்கிருந்து வந்ததோ.

"என்ன பண்ணிட்டீங்க? அவன் நின்ன இடத்தை எடுத்துட்டீங்களே. இனிமே அவன் எங்க நிப்பான்?"

"மாமா, அவரை விடுங்க" என்றாள் மருமகள்.

"உனக்கு அவசரம். உனக்குக் கையெழுத்து வேணும். போ, நீயே போட்டுக்கோ."

"பேச்சைப் பாருங்க" என்று அக்கா அதட்டினார். "ஏழு வருஷமா உங்க கிறுக்கலை எல்லாம் உட்கார்ந்து எழுதினவகிட்ட இதைச் சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்துச்சு?"

அவர் கை தளர்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் பேசினார், எங்களில் யாரையும் பார்க்காமல்.

"அன்னிக்கு அவன் இறங்கலை."

"யாரு?" என்றேன்.

"ஓட்டறவன் இறங்கித்தானே எடை போடணும்? நாப்பது வருஷத்துல இந்த மேடைல யாரையும் உள்ள வச்சு நான் எடை போட்டதில்லை. அவனை மட்டும் போட்டேன். ஸ்டியரிங்ல தலையை வச்சுப் படுத்திருந்தான். 'உடம்பு சுடுதுப்பா, நாளைக்குப் போறேன்'னான். சரக்கு ஏத்தியாச்சு, மழை விட்டிருக்கு, இப்பவே போயிடுன்னேன். 'இறங்குடா, எடை போடணும்'னேன். எழுந்திரிக்கலை. எனக்குக் கோவம் வந்துடுச்சு. வேணும்னே பண்றான்னு நெனச்சேன். அப்படியே எடையைப் போட்டுச் சீட்டை நீட்டினேன். வாங்கிட்டான். நெத்தியைத் தொட்டுப் பார்த்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். கைக்கு எட்டற தூரம்தான். தொடலை."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். இது அவருக்கும் புதிது என்று தெரிந்தது.

"அந்தச் சீட்டுல பதினாலு டன் முந்நூத்தி எண்பது இருக்கு. அதுக்குள்ள அவன் எழுபது கிலோவும் இருக்கு. என் கணக்குல அவன் இன்னும் இறங்கலை. இறங்காதவனைச் செத்துட்டான்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? போட்டா, நான்தானே..."

எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஓடவும் முடியவில்லை.

மருமகள் வந்து அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. சீட்டில் எண் சரிதானா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"மாமா, உள்ள இருக்கறவருக்கு ஒரு மணி நேரம்தான் ஆயிருக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. நான்தான் எழுதினேன்."

"ஆமா."

"ஒரு மணி நேரத்துல காய்ச்சல் விடுமா?"

அவர் நிமிர்ந்தார்.

"விடாது" என்றாள் அவளே. "அப்படின்னா உங்க கணக்குப்படி அவருக்கு இன்னும் சுட்டுக்கிட்டுத்தான் இருக்கு. ஸ்டியரிங்ல தலையை வச்சிட்டு, சுத்தித் தண்ணியோட, ஏழு வருஷமா உட்கார்ந்திருக்கார். நமக்குச் சாயந்திரம் பத்து நிமிஷம் பார்த்தாப் போதும். அவருக்கு?"

"அப்படி இல்லம்மா..."

"அப்படித்தான் மாமா. உங்க கணக்கை நான் தப்புன்னு சொல்லலை. அது சரின்னா அவர் படற பாடும் சரி. எனக்கு இது மூணாவது நோட்டு எழுதறப்பவே தோணுச்சு. சொல்ல பயமா இருந்துச்சு. ஏன்னா நீங்க மட்டும் இல்லை. அன்னிக்கு மத்தியானம் படுத்திருந்தவரை, மாத்திரையைக் கொடுத்து, 'மாமா திட்டுவார், கிளம்புங்க'ன்னு எழுப்பி விட்டவ நான்."

இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

"போதும் மாமா. அவரை இறக்கி விட்டுடலாம்."

ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. நான் வெளியே போய், அரை மணி கழித்து வரச் சொல்லி அனுப்பினேன். திரும்பி வரும்போது அவர் மேடையில் ஏறிக்கொண்டிருந்தார். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, லாரியின் டிரைவர் கதவு வருகிற இடத்தில் போய் நின்றார். கையைத் தூக்கி நீட்டினார். உயரமான வண்டியிலிருந்து இறங்குகிறவர்களுக்கு நாம் கை கொடுப்போமே, அப்படி. வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அப்புறம் அந்தக் கையை மெதுவாக இறக்கி, நெற்றி இருக்கிற உயரத்தில் உள்ளங்கையைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு ஆள் மேடையில் நிற்கும்போது டிஸ்ப்ளேயைப் பார்க்காமல் இருந்தது என் தொழிலில் அன்றைக்கு மட்டும்தான். என் கல்லால் நானே சோதித்த மேடை. அது என்ன காட்டினாலும் நான் நம்பித்தான் ஆக வேண்டும். அதனால் பார்க்கவில்லை. மருமகள் ஜன்னலுக்குள் நின்று பார்த்தாள். அவளை நான் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை எனக்கு அங்கே வேலை கிடையாது. இருந்தாலும் போய், மூன்று பேரையும் என் வேனில் ஏற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். விஞ்ஞானி சலவைச் சட்டை போட்டிருந்தார். வழியில் கல்லைப் பற்றியோ வெளிச்சத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே அது சங்கடமாக இருந்தது. ரோட்டில் போன எருமையைக் காட்டி, "இது நிக்கிற இடத்துல நேரம் எப்படி பெரியவரே?" என்று சீண்டிப் பார்த்தேன். லேசாகச் சிரித்தார்.

எழுத்தர் ஒரு இளம்பெண். படிவத்தை நீட்டி, எங்கெங்கே எழுத வேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தாள். கடைசியாகப் பார்த்த இடம். தேதி. நேரம். எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதினார், மருமகளிடம் கொடுக்கவில்லை. 'அப்போது அவரது உடல்நிலை' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"அதுல 'நலம்'னு எழுதிடுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றாள் எழுத்தர்.

அவர் குனிந்து எழுதினார். கிறுக்கல் எழுத்து, கட்டத்தைத் தாண்டி ஓரத்துக்குப் போயிற்று. நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன்.

'காய்ச்சல் இருந்தது. நாளைக்குப் போகிறேன் என்றான். நான்தான் அனுப்பினேன்.'

கீழே கையெழுத்துப் போட்டார். எழுத்தர் படித்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இவ்வளவு எழுதத் தேவையில்லையே ஐயா."

"எனக்குத் தேவைம்மா" என்றார்.

அவள் அதை அடிக்கச் சொல்லவில்லை. முத்திரை குத்தி, கோப்பில் வைத்துக்கொண்டாள்.